சுவருக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்

வீடு கட்டித் தருகிற பொறியாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும், சுவருக்குள் கம்பியும் குழாயும் பதிக்கிற எலக்ட்ரீஷியன்களுக்கும் பிளம்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலர் கட்டிய வீடு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நல்ல வீடு. மழைக்கு ஒழுகியதில்லை. கதவுகள் நிலையில் இறுகியதில்லை. எந்தச் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கிறது. அந்த வேலைத்திறனில் குறை காண இந்த மடலை எழுதவில்லை. வேலையை முடித்துச் சாவியைக் கையில் கொடுத்த அன்று, கூடவே கொடுத்திருக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்காமல் போய்விட்டீர்கள். சுவருக்குள் எது எங்கே போகிறது என்று காட்டுகிற தாளும் படமும்தான் அது. அதைக் கேட்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் உள்ளே போய்த் தாழிடும் ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொன்னார் மருத்துவர். இரண்டு பக்கமும் மூன்று மூன்று திருகுகள், மொத்தம் ஆறு துளைகள். அவ்வளவுதான் வேலை.

அந்த ஆறு துளைகளுக்காக யாரும் வருவதாயில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்து போவதற்குள் அரைநாள் போய்விடும். "வேறு வேலையும் சேரட்டும், ஒன்றாக முடித்துத் தருகிறேன்" என்றார் ஒருவர். "விடு, நான் சுவரைப் பிடித்தபடியே நடந்துகொள்கிறேன்" என்றார் அம்மா. ஈரமான டைல் சுவரில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? டிரில்லிங் மெஷினை நானே எடுத்தேன்.

அது எனக்குப் புதிய வேலை இல்லை. அலமாரி, திரைச்சீலைக் கம்பி, கதவுக் கீல் என்று இந்த வீட்டில் பல வேலைகளை என் கையாலேயே செய்திருக்கிறேன். அம்மாவை நிற்கவைத்து, அவர் கை இயல்பாக எட்டும் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன். பிட் (துளையிடும் முனை) வழுக்காமலிருக்க டைலின் மேல் ஒட்டுநாடா ஒட்டினேன். மெஷினின் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு, டைலுக்கென்றே இருக்கும் ஈட்டிமுனை பிட்டால் மெதுவாகத் தொடங்கினேன். முதல் இரண்டு துளைகளிலும் முதலில் டைலின் வெள்ளைத் தூள், பிறகு பூச்சின் சாம்பல் தூள், பிறகு செங்கல்லின் சிவப்புத் தூள் என்று வரிசை தவறாமல் வந்தது. மூன்றாவது துளையில் சாம்பலுக்குப் பிறகு சிவப்பு வரவில்லை. தந்தநிறத்தில் ஒரு சீவல், சுருள் சுருளாகப் பிட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அது என்னவென்று எனக்கு உறைப்பதற்குள் தூள் நனைந்து குழம்பாகி டைலில் வழிந்தது. பிட்டை இழுத்தேன். பென்சில் பருமனுக்குத் தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவரில் போய் அடித்தது.

மொட்டைமாடிக்கு ஓடினேன். தொட்டியின் கீழே ஐந்து வால்வுகள். எது குளியலறைக்கு, எது சமையலறைக்கு என்று ஒன்றிலும் ஒரு குறிப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததால் இரண்டு வால்வுகள் இறுகிப்போய்க் கையால் திருப்பவே முடியவில்லை. திரும்புகிற ஒவ்வொன்றாக மூடிவிட்டு, "நின்றதா?" என்று மேலிருந்து கத்துவேன். "இல்லை" என்று கீழிருந்து அம்மாவின் குரல் வரும். எதற்காக அந்தக் கைப்பிடியை மாட்டப் போனேனோ, அதே அம்மா நனைந்த தரையில் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

மறுநாள் பிளம்பர் வந்து டைல்களை உடைத்தார். வெந்நீர்க் குழாய் தெரிந்தது. மேலே இருக்கும் ஹீட்டரிலிருந்து கீழே இருக்கும் குழாய்வாய்க்கு அது நேராக இறங்கவில்லை. சுவரின் குறுக்கே சாய்வாக ஓடியிருந்தது. "நேராக இறக்கித் திருப்பியிருந்தால் ஒரு எல்போவும் (குழாயைத் திருப்புகிற வளைவு இணைப்பு) இரண்டடிக் குழாயும் கூடுதலாக ஆகியிருக்கும், அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்" என்றார். வீட்டைக் கட்டிய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த வேலையைச் செய்தவர் இப்போது தங்களிடம் இல்லை என்றார்கள். குழாய் போன வழிக்குப் படம் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வீட்டின் வரைபடம் உங்களிடமே இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. அறைகளின் நீள அகலமும் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் அதில் இருக்கின்றன. சுவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

ஒரு சுவர் தன் உள்ளே இருப்பதைக் காட்டும் காலம் மிகவும் குறைவு. காடி வெட்டி, தண்ணீர்க் குழாயும் மின்கம்பி போகும் கண்டியூட் குழாயும் பதித்து, அழுத்தச் சோதனை பார்த்து முடித்த பிறகு, பூச்சு வேலைக்கு ஆள் வரும்வரை சில நாட்கள். அந்த நாட்களில் அங்கே இருந்தவர்கள் நீங்கள். வாங்கியவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வந்து பார்த்தாலும் எதைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பூச்சு ஏறியதும் அந்த அறிவு உங்கள் தலைக்குள் மட்டும் மிஞ்சுகிறது. நீங்கள் அடுத்த வேலைக்குப் போகிறீர்கள், அதுவும் உங்களோடு போய்விடுகிறது. சுவரோ முப்பது, நாற்பது ஆண்டுகள் அங்கேயே நிற்கப் போகிறது. அத்தனை ஆண்டுகளிலும் அதில் ஒருவர் மாற்றி ஒருவர் துளையிடத்தான் போகிறார்கள்.

ஏன் வீட்டுக்காரர் சுவரில் கைவைக்கவேண்டும், ஆளை அழைக்க வேண்டியதுதானே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். சிறிய வேலைக்கு ஆள் வருவதில்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். சில வேலைகள் நாள் கடத்த முடியாதவை. வீட்டில் குழந்தை தவழத் தொடங்கிவிட்டால், உயரமான அலமாரியை அன்றைக்கே சுவரோடு இறுக்கிக் கட்டியாக வேண்டும். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுகிற குழந்தையின் மீது அலமாரி அப்படியே சாய்ந்துவிடும். கண் தெரியாத பெரியவருக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் வேறு வழியில்லாமல் இதைச் செய்யவில்லை, விரும்பியே செய்கிறார்கள். தன் கையால் நிமிர்த்திய கதவை ஒவ்வொரு நாளும் திறந்து மூடும்போது மனத்துக்குள் ஒரு நிறைவு வருகிறதே, அதை நானும் அறிவேன். வீடு என்பது அதில் வாழ்கிறவர்கள் தொட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிற ஒன்று. அதற்கு ஏற்றபடிதான் அதை ஒப்படைக்கவேண்டும்.

இதில் நான் கேட்பது உலகத்தில் இல்லாத புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மண்ணைத் தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைக்கவேண்டும். 2007 முதல் நாடு முழுவதற்கும் அந்த ஒரே எண்தான். சாலை போடும் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, வீட்டு முற்றத்தில் மரம் நட அல்லது வேலிக்கால் ஊன்றப் போகிற வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். அழைத்தால், நிலத்துக்கு அடியில் குழாயோ கம்பியோ வைத்திருக்கும் நிறுவனங்கள் ஆள் அனுப்பித் தரையின் மேல் வண்ணத்தால் கோடு போட்டுவிட்டுப் போகின்றன. சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் எரிவாயு, நீலம் என்றால் குடிநீர், பச்சை என்றால் கழிவுநீர். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. மண்ணுக்கு அடியில் போகும் குழாய்க்கு இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது, ஒரு விரல் கனப் பூச்சுக்கு அடியில் போகும் குழாயைப் பற்றிக் கேட்க எங்களுக்கு ஓர் எண்ணும் இல்லை.

கம்பிகள் போகும் வழியையும் சில நாடுகள் வரையறுத்து வைத்திருக்கின்றன. பிரிட்டனின் மின்கம்பி விதிகளின்படி, சுவரின் மேற்பரப்பிலிருந்து 50 மில்லிமீட்டருக்குள் புதைகிற கம்பி, சுவிட்ச் அல்லது பிளக் பாயின்ட்டிலிருந்து நேர் மேலாகவோ நேர் கீழாகவோ நேர் பக்கவாட்டிலோதான் போகலாம். இல்லாவிட்டால் கூரையை ஒட்டியோ இரண்டு சுவர்கள் சேரும் மூலையை ஒட்டியோ உள்ள 150 மில்லிமீட்டர் பட்டைக்குள் போகவேண்டும். வேறு வழியில் கொண்டுபோனால் அதற்குத் தனிப் பாதுகாப்பு தரவேண்டும். ஜெர்மனியிலும் டி.ஐ.என். 18015 என்ற தரநிலை இதேபோல் பட்டைகளைக் குறித்துத் தந்திருக்கிறது. கூரைக்குக் கீழே 15 முதல் 45 சென்டிமீட்டர் வரை ஒன்று, தரைக்கு மேலே அதே அளவில் இன்னொன்று, கதவு, ஜன்னல் ஓரங்களில் செங்குத்தாகச் சில. இந்த விதியைத் தெரிந்துகொண்ட வீட்டுக்காரர் சுவிட்சைப் பார்த்ததும் அதன் நேர்மேலே ஆணி அடிக்கக்கூடாது என்று கண்டுகொள்வார். படமே கையில் இல்லாவிட்டாலும் அவருக்கு அந்த விதியே ஒரு படம். ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் விதி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், தயவுசெய்து சாய்வாகக் கொண்டுபோகாதீர்கள். சுவருக்குள் சாய்வாகப் போகிற குழாயை யாராலும் ஊகிக்க முடியாது.

கண்டறியும் கருவி வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கினேன். உலோகத்தை அது நன்றாகக் காட்டுகிறது. ஆனால் இப்போது நீங்கள் பதிக்கும் தண்ணீர்க் குழாய்களில் பெரும்பகுதி பிளாஸ்டிக். என் கருவிக்கு அது கண்ணில் படுவதே இல்லை. மின்சாரம் ஓடும் கம்பியைக் காட்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஈரம் ஏறிய சுவரில் வைத்தால் சுவர் முழுவதும் மின்சாரம் என்று அலறுகிறது. இரும்புக் குழாய் இருந்த காலத்தில் துளையிடுகிறவருக்குச் சுவரே எச்சரிக்கை கொடுத்தது. பிட் இரும்பில் முட்டி நிற்கும், கைக்குத் தெரியும். பிளாஸ்டிக் அப்படியே வழிவிட்டுவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றி எலக்ட்ரீஷியன்களிடம் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தண்ணீர் நனைப்பதோடு நிற்கும், இது நிற்காது. எங்கள் வீட்டு டி.பி. பெட்டியை, அதாவது மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியை, திறந்தால் பதினான்கு விசைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுவதற்கென்றே தயாரிப்பாளர் ஒட்டிக் கொடுத்த வெள்ளைச் சீட்டு, ஒன்பது ஆண்டுகளாக வெறுமையாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்து, எந்த அறையில் எது நிற்கிறது என்று ஓடி ஓடிப் பார்த்து எழுதினோம். படுக்கையறை விசையை அணைத்த பிறகும் அங்கே ஒரு பிளக் பாயின்ட்டில் மட்டும் மின்சாரம் இருந்தது. பக்கத்து அறையின் சுற்றிலிருந்து அதற்கு இழுத்திருந்தார்கள். விசையை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அதைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இணைத்த அன்றைக்கே பேனாவை எடுத்திருந்தால் உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தச் சீட்டில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எந்த விசை கம்பியைக் காப்பது, எது மனிதரைக் காப்பது என்று எழுதுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடிக்காது என்று நம்புகிற வீடுகள் ஏராளம். எம்.சி.பி. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தில் கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பது. மனித உடலைக் கொல்வதற்குத் தேவையான மின்னோட்டம் அதற்குத் தூசுக்குச் சமம், அது அசையாது. போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே துண்டித்துவிடுகிற கசிவுக் காப்பு விசைதான் ஆளைக் காப்பது. அது இருக்கிறதா, எந்தெந்த அறைகளுக்கு இருக்கிறது, அதன் சோதனைப் பொத்தான் எது என்று காட்டிவிட்டுப் போகவேண்டாமா?

நிறங்களையும் எழுதிவையுங்கள். பிரிட்டன் 2004இல் தன் கம்பி நிறங்களை ஐரோப்பாவோடு ஒன்றாக்கியபோது நடந்ததைப் பாருங்கள். பழைய மும்முனை முறையில் கறுப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி), நீலம் ஒரு ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி). புதிய முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். அப்படியே இடம் மாறிவிட்டன. பழையதும் புதியதும் கலந்த வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது. அதனால்தான் அப்படிக் கலந்த பெட்டியின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். நீங்கள் எந்த முறையில் இணைத்தீர்கள், எந்த ஆண்டில் இணைத்தீர்கள் என்று ஒரு வரி இருந்தால், இருபது ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிற உங்கள் தொழிலைச் சேர்ந்தவருக்கே அது உதவும்.

அடுத்தது பொறியாளர்களுக்கு. எந்தச் சுவர் பாரத்தைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பதைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு அறையை ஒன்றாக்கவேண்டும் என்ற ஆசை எல்லா வீட்டிலும் ஒருநாள் வருகிறது. தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து முடிவுசெய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே பூச்சும் பட்டியும் பெயிண்டும் ஏறிய பிறகு சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சுவர் தடியாக இருக்கிறதா மெல்லியதா என்பதும் உறுதியான அடையாளம் இல்லை.

அடுக்குமாடிகளில் இப்போது பின்னிழுவிசைத் தளங்கள் வந்துவிட்டன. கான்கிரீட் இறுகிய பிறகு அதற்குள் ஓடும் எஃகு வடங்களை ஜாக்கியால் இழுத்து நிறுத்துகிற முறை. அந்த வடம் ஒவ்வொன்றும் டன் கணக்கான விசையோடு தளத்துக்குள் நாண்போல் விறைத்து நிற்கிறது. கூரையில் மின்விசிறிக்கோ ஊஞ்சலுக்கோ கொக்கி பதிக்க ஆழமாகத் துளைக்கிறவர் அந்த வடத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கள் தலைக்கு மேலே அப்படி ஒன்று இருப்பதே அங்கே குடியிருக்கும் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட தளம் உள்ள பல வீடுகளில், கார் நிறுத்தும் இடத்தில் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே 'பின்னிழுவிசைத் தளம், வெட்டவோ துளைக்கவோ கூடாது' என்ற பொருளில் எழுத்துப் பதித்துவிடுகிறார்கள். காகிதம் தொலைந்துபோகலாம், அந்த எழுத்து தொலையாது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

குளியலறைத் தரையையும் மறந்துவிடாதீர்கள். டைலுக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. கதவுத் தடுப்பானுக்காகத் தரையில் ஒரே ஒரு திருகு இறக்குகிறோம். பல மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் படிகிறது, உப்புப் பூக்கிறது, இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துப் பேசாமல் போகின்றன. தரையில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே துளைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

டைலின் தொகுதி எண், பெயிண்டின் நிற எண் இவையும் அதே தாளில் இருக்கட்டும். ஒரே பெயருள்ள டைல்கூட தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறுகிறது. உடைத்த இடத்தில் நாங்கள் ஒட்டிய நான்கு டைல்கள் இன்றும் தனியாகத் தெரிகின்றன.

பழைய வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். மறைந்திருப்பதைச் சொல்லவேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கிய இடம் உண்டு. அமெரிக்காவில் 1978இல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ, ஈயப் பெயிண்ட் இருப்பது தமக்குத் தெரிந்தால் அதை மறைக்காமல் தெரிவிக்கவேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. காரணம் எளியது. வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு ஜன்னல் சட்டத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார். அந்தத் தூள் தரையில் படிகிறது. தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கிறது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகடும் அப்படித்தான். சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. துளைத்தால், அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலுக்குள் போய்விடும், திரும்பி வராது. பழைய வீட்டில் நீங்கள் எதையாவது பிரித்துப் பார்த்து, அங்கே இப்படி ஒன்று இருப்பதைக் கண்டால், வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள். "அது பழைய தகடு, விடுங்கள்" என்று மூடிவிட்டுப் போகாதீர்கள்.

கட்டடத்தின் விவரம் அதைக் கட்டியவரோடு போய்விடக்கூடாது என்பதை லண்டனில் நடந்த பெருந்துயரம் ஒன்று உணர்த்தியது. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன்பின் கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹக்கிட், ஒரு கட்டடத்தைப் பற்றிய தகவல் வடிவமைப்பிலிருந்து குடியிருப்பு வரை அறுபடாத பொன்னிழையாகத் தொடரவேண்டும் என்று பரிந்துரைத்தார். இங்கிலாந்தில் உயரமான குடியிருப்புகளுக்கு இப்போது அது சட்டம். நான் கேட்கும் தாளும் படமும் அவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் அதே இழையின் சிறுநுனிதான் அவை.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை யோசித்துப் பார்த்தேன். படம் கொடுத்தால் எல்லாரும் துணிந்து சுவரைக் குடைவார்கள் என்று ஒரு பொறியாளர் என்னிடம் நேரிலேயே சொன்னார். ஐயா, படம் இல்லாமலேயே குடைகிறோம். நான் குடைந்தேன். அறியாமை என் கையைத் தடுக்கவில்லை, கண்ணை மட்டும் கட்டியது. வரைந்தது ஒன்று, பதித்தது ஒன்று என்று ஆகிவிடுகிறதே, தவறான படத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியுமா என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது. கட்டுமான இடத்தில் எத்தனை மாற்றம் நடக்கிறது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் வரைபடத்தைக் கேட்கவில்லை, பூச்சுக்கு முந்தைய நாள் எடுத்த புகைப்படத்தைக் கேட்கிறேன். அது வாக்குறுதி எதையும் தராது. அன்றைக்கு அங்கே இருந்ததை அப்படியே காட்டும். நேரமில்லை என்பது மூன்றாவது. உங்கள் எல்லாருடைய சட்டைப்பையிலும் கேமரா வைத்த செல்பேசி இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கடமைகளையும் சொல்லிவிடுகிறேன், கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் முறையாகாது. எரிவாயுக் குழாயில் கைவைக்க மாட்டோம். டி.பி. பெட்டிக்கு உள்ளே இணைப்புகளைத் தொட மாட்டோம். பாரம் தாங்கும் சுவரை, தூணை, உத்தரத்தை உங்களைக் கேட்காமல் ஓர் அங்குலம்கூட வெட்ட மாட்டோம். மின்கம்பி இருக்கும் இடத்தில் வேலை என்றால் டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, மெயினை அணைத்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்ப்போம். டைலையும் கான்கிரீட்டையும் உலர்வாக அறுத்து அந்தச் சிலிக்காத் தூளை நாங்களும் மூச்சில் இழுத்து வீட்டாருக்கும் தர மாட்டோம், தண்ணீர் விட்டு அறுப்போம். தெரியாத வேலை என்றால் உங்களையே கூப்பிடுவோம். கூப்பிடும்போது, ஆறு துளை வேலையாக இருந்தாலும், வந்தால் மகிழ்வோம்.

உடைத்த குளியலறைச் சுவரை மூடுவதற்கு முன்பு நானும் அந்தப் பிளம்பரும் செய்ததைச் சொல்கிறேன், வேலை எவ்வளவு சிறியது என்று நீங்களே பார்க்கலாம். குழாயை இம்முறை நேராக இறக்கித் திருப்பினார். பூச்சு போடுகிறவர்கள் தரைமட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தில் எல்லாச் சுவரிலும் மட்டக்கோடு போடுவார்கள் அல்லவா, அதுபோல் ஒரு கோடு இழுத்துக்கொண்டோம். அளவு எல்லாம் அதிலிருந்துதான், ஏனென்றால் டைல் போட்ட பிறகு தரை உயர்ந்துவிடும், கோடு மாறாது. அளவு நாடாவை ஒருமுறை மூலையிலிருந்து பக்கவாட்டில் பிடித்தோம், ஒருமுறை கோட்டிலிருந்து செங்குத்தாகப் பிடித்தோம். சாக்கட்டியால் சுவரிலேயே 'குளியலறை, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், வெந்நீர்' என்று எழுதினார். கேமராவைச் சாய்க்காமல் சுவருக்கு நேராகப் பிடித்து மூன்று படங்கள் எடுத்தேன். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. "இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை" என்றார் அவர். பதினாறு வயதிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறாராம். பிறகு அவரே மாடிக்குப் போய், இறுகிய இரண்டு வால்வுகளையும் மாற்றி, ஐந்துக்கும் தகரத் துண்டில் பெயர் எழுதிக் கம்பியால் கட்டிவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை.

செல்பேசி மாறினால் படம் தொலைந்துவிடும் என்று அவற்றைத் தாளில் அச்சிட்டேன். மறுவாரம், அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே அதே சுவரில் ஆறு துளைகளையும் போட்டுக் கைப்பிடியை மாட்டினேன். ஆறிலும் சிவப்புத் தூள் வந்தது. அம்மா இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் போய்வருகிறார்.

இந்த வீட்டில் எப்போதாவது உங்களில் ஒருவர் வேலை செய்ய நேர்ந்தால், படங்கள் குளியலறைக்கு வெளியே இருக்கும் அலமாரியில், இடது கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றன. கீழே பாதித் தாள் வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்கள் பதிப்பதை அதில் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
நீங்கள் கட்டிய வீட்டில் குடியிருக்கும் ஒருத்தி